ஊர்ப் பேச்சைப் பதிந்து வைக்க எது சரி: குரலா, வீடியோவா, சொல் நோட்டா, புத்தகமா?

பொங்கலுக்கோ கோயில் கொடைக்கோ ஊருக்குக் கிளம்பும்போது பலருக்கும் இந்த யோசனை வருகிறது. தாத்தாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீரைக் கமலை இறைத்த கதையும் மழை பொய்த்த வருஷத்துக் கதையும் அவரோடு போய்விடக் கூடாது. அவர் பேசுகிற பேச்சைப் பேரப்பிள்ளைகள் யாரும் பேசுவதில்லை. சரி, என்ன செய்யலாம்? போனில் வீடியோ எடுப்பதா, குரலை மட்டும் பதிவதா, சொற்களை நோட்டில் குறிப்பதா, எல்லாவற்றையும் கேட்டு எழுதிப் புத்தகமாகப் போடுவதா? எதில் தொடங்குவது என்று முடிவாகாமலே அடுத்த பொங்கல் வந்துவிடுகிறது.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்குக் குரல் பதிவும் கூடவே ஒரு நோட்டும்தான் சரி. ஆனால் எந்த வழியை எடுத்தாலும், பதிந்த பிறகு அதோடு எவ்வளவு நேரம் உட்கார முடியும் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கும். கருவி எது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

## எதை வைத்துப் பார்ப்பது

முதலில் ஓசை. வட்டார வழக்கில் பாதி, உச்சரிப்பிலும் இழுவையிலும் இருக்கிறது. 'வந்தான்' பேச்சில் மூக்கொலியோடு 'வந்தா' என்று முடியும். 'வந்தாள்' மூக்கொலி இல்லாமல் அதே 'வந்தா'வாக முடியும். காது இரண்டையும் பிரித்துவிடும்; எழுத்து பிரிக்காது. மரியாதையாகச் சொல்லும்போது ராமநாதபுரம் பக்கம் 'வந்தாக', நெல்லையில் 'வந்தாவ', மற்ற பல இடங்களில் 'வந்தாங்க'. இதை எழுதிவிடலாம். அந்த 'வந்தாவ'வை ஓர் ஆச்சி எந்த இடத்தில் இழுத்து எந்த இடத்தில் வெட்டுகிறார் என்பதை எழுத வழியில்லை.

இரண்டாவது, கை செய்கிற வேலை. பானை வனைவதையும் களத்தில் தூற்றுவதையும் வாயால் எவ்வளவு சொன்னாலும் பார்த்தது போல ஆகாது.

மூன்றாவது, தேட முடிவது. பத்து மணி நேரப் பதிவில் விதைப்பு பற்றிப் பேசிய மூன்று நிமிடம் எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் அந்த மூன்று நிமிடம் இல்லாத மாதிரிதான்.

நான்காவது, பேசுகிறவர் கூச்சமில்லாமல் இருக்கிறாரா, பேசியதால் பின்னால் அவருக்குச் சங்கடம் வருமா. ஐந்தாவது, பின்வேலை. இதைத்தான் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கடைசியாக, இருபது வருடம் கழித்துத் திறக்க முடியுமா. 1980, 90களில் பதிந்த ஒலிநாடாக்கள் எத்தனையோ வீட்டு அலமாரிகளில் கிடக்கின்றன, ஓட்டிக் கேட்க டேப் ரெக்கார்டர் இல்லாமல்.

## குரல் பதிவு

செலவு மிகக் குறைவு. கையிலிருக்கும் போன் போதும். நல்ல தரத்தில், அதாவது சுருக்காத வேவ் கோப்பாக 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒற்றைத் தடத்தில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய அரை ஜிபி ஆகும். போனில் அந்த வசதி இல்லையென்றால் கிடைக்கிற வடிவில் பதியுங்கள். இதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். வாட்ஸ்அப் குரல் செய்தியாக மட்டும் பதியாதீர்கள். அது ஒலியை இறுக்கிச் சுருக்கிவிடும். கேட்டுப் புரிந்துகொள்ளப் போதும், மூக்கொலி பிரித்துப் பார்க்கப் போதாது.

இதன் பெரிய பலம், பேசுகிறவர் மறந்துவிடுவார் என்பது. போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, பேசுகிறவரிடமிருந்து ஒரு முழத் தூரத்தில் துண்டு மடிப்பின் மேல் வைத்துவிட்டால், கால் மணி நேரத்தில் அது அங்கே இருப்பதே நினைவில் இருக்காது. (பதிகிறோம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். மறந்துபோவது வேறு, மறைத்துப் பதிவது வேறு.) மின்விசிறியை நிறுத்துங்கள். சீரியல் நேரத்தில் போகாதீர்கள்.

ஆனால் பேட்டி மாதிரி ஆரம்பித்தால் வழக்கு போய்விடும். சென்னையிலிருந்து வந்த பேத்தி கேள்வி கேட்டால் ஆச்சி பேத்திக்குப் புரிகிற தமிழில்தான் பதில் சொல்வார். யாரும் கவனிக்காதபோது மக்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று அறிய வேண்டும், அதற்கு உட்கார்ந்து கவனித்தாக வேண்டும் என்ற முரணை மொழியியலாளர் வில்லியம் லபோவ் எடுத்துச் சொல்லி அரை நூற்றாண்டு ஆகிறது. கிராமத்தில் இதற்கு ஒரு சுலபமான மாற்று உண்டு. அவருடைய சோட்டுக்காரர், அதாவது ஒத்த வயதுத் தோழர், ஒருவரைக் கூட்டிவந்து பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் காபி போடப் போங்கள். இருவரும் ஒருவரையொருவர் திருத்திக்கொண்டு, சண்டை போட்டுக்கொண்டு பேசுகிற அந்த அரை மணி நேரம் எந்தப் பேட்டியிலும் கிடைக்காது.

பாட்டுக்கும் இதுவே நல்ல வழி. தாலாட்டு, நடவுப் பாட்டு, இறைக்கிற சால்களை (நீர் மொள்ளும் பாத்திரம்) எண்ணிக்கொண்டே பாடிய ஏற்றப் பாட்டு இவையெல்லாம் மெட்டு இல்லாமல் பாதி உயிர்தான். ஒப்பாரி விஷயத்தில் மட்டும் கவனம். சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி பாடுவதை ஆகாது என்று பல பெண்கள் மறுப்பார்கள். வற்புறுத்த வேண்டாம். தோட்டத்திலோ ஊருக்கு வெளியே மரத்தடியிலோ வைத்துப் பாடச் சம்மதிப்பவர்கள் உண்டு.

மறைந்திருக்கும் செலவு, எழுத்தாக்குவது. ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு எழுத, பழகியவருக்கே நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும். இரண்டு பேர் சேர்ந்து பேசியிருந்தால், தெரியாத சொல் நிறைய வந்தால், இன்னும் கூடும். போனில் இருக்கும் தானியங்கி எழுத்தாக்கம் உதவாதா என்று கேட்பார்கள். உதவும், பாதி. அது 'வந்தாவ'வை 'வந்தாங்க' என்றோ 'வந்தார்கள்' என்றோ திருத்தி எழுதிவிடப் பார்க்கும். எதைக் காப்பாற்ற உட்கார்ந்தோமோ அதையே சலித்து எறிந்துவிடும். எந்த நிமிடத்தில் என்ன பேச்சு என்று கண்டுபிடிக்க அதை வைத்துக்கொள்ளலாம். வழக்கைப் பதிவு செய்ய அதை நம்ப முடியாது.

முழுதாக எழுத நேரமில்லாதவர்கள் ஒரு காலப் பட்டியலாவது போடுங்கள்: '12-வது நிமிடம், கம்பு விதைப்பு. 19, மாமாவின் கல்யாணம். 31, கிணறு வெட்டிய கதை.' ஒரு மணி நேரப் பதிவுக்கு இது ஒன்றரை மணி நேர வேலை. இது இருந்தால் மீதியைப் பின்னால் வேறு யாராவது செய்துகொள்வார்கள்.

## வீடியோ

வேலையைக் காட்ட வேண்டியிருந்தால் வீடியோவுக்கு ஈடு இல்லை. 1960, 70களில் பம்புசெட் பரவப் பரவக் கமலை மறைந்தது. இளவயதில் கமலை ஓட்டியவர்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். சால், அதை இழுக்கும் வடம், அதன் வாயைக் கட்டுப்படுத்தும் வால்கயிறு என்று பெயர் சொல்லிவிடலாம். மாடுகள் முன்னால் இழுத்து நடக்கும்போது வடத்தின் மேல் எப்படி உட்கார்ந்தார்கள், வால்கயிற்றை எப்போது தளர்த்தினார்கள் என்பதைக் கிணற்றடியில் அவரை நிற்கவைத்துக் கையால் காட்டச் சொன்னால்தான் விளங்கும்.

யாழ்ப்பாணப் பேச்சைப் பதிகிறவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 'இது'வுக்கும் 'அது'வுக்கும் நடுவே அங்கே 'உது' இன்னும் உயிரோடு இருக்கிறது. 'உதை எடு' என்று சொல்லும்போது கை எங்கே நீண்டது என்று பார்த்தால்தான் அதன் எல்லை தெரியும்.

மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அதை மட்டும் வீடியோவாலும் பிடிக்க முடியாது. மறைப்பதற்குத்தானே துண்டு. அதைத் தெரிந்த தரகரிடம் தனியாகக் கேட்டால்தான் உண்டு.

இனி செலவு. 1080 தரத்தில் ஒரு மணி நேர வீடியோ, போனைப் பொறுத்து ஏறக்குறைய 4 முதல் 8 ஜிபி. குரலைப் போல ஏறக்குறைய எட்டு முதல் பதினாறு மடங்கு. நாலு நாளில் போன் நிரம்பும், பழைய படங்களை அழிப்பீர்கள், பேட்டரி தீரும். இதெல்லாம் சமாளிக்கக்கூடியது. சமாளிக்க முடியாதது, கேமராவைப் பார்த்ததும் மனிதர்கள் மாறிவிடுவது. பாட்டி உள்ளே போய்ப் புதுப்புடவை கட்டி வருவார். நிமிர்ந்து உட்கார்ந்து, 'அந்தக் காலத்தில் நாங்கள் மிகவும் கஷ்டப்பட்டோம்' என்று தொலைக்காட்சித் தமிழில் தொடங்குவார். வாழ்க்கையைச் சொல்வார், வழக்கு வராது. பல பெண்கள் முகத்தைக் காட்டவே விரும்ப மாட்டார்கள். அது தயக்கம் மட்டும் இல்லை, நியாயமான கணக்கு. அந்த வீடியோ நாளை யார் போனில் ஓடும் என்று அவர்களுக்கும் தெரியும்.

ஆகவே மணிக்கணக்கான பேச்சை வீடியோவில் எடுப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வேலை செய்யும்போது ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று துண்டு துண்டாக எடுங்கள். வேலை கையில் இருக்கும்போது கேமரா கூச்சமும் குறைவு.

## சொல் நோட்டு

பலர் இதைக் குறைவாக மதிக்கிறார்கள். தமிழில் வட்டார வழக்கு இன்று நமக்குக் கையில் கிடைப்பதற்கு ஒரு பெரிய காரணமே இந்த வேலைதான். கரிசல் வட்டாரச் சொற்களைத் தொகுத்து கி. ராஜநாராயணன் 1982-இல் அகராதி கொண்டுவந்தார். கொங்கு வட்டாரத்துக்குப் பெருமாள்முருகன் 2000-இல் செய்தார். இரண்டு பேரும் அந்தந்த மண்ணில் பிறந்து, அந்தப் பேச்சிலேயே எழுதியவர்கள். இதற்குப் பல்கலைக்கழகத் துறை வேண்டும் என்பதில்லை.

மின்சாரம் வேண்டாம், மெமரி கார்டு வேண்டாம், பேசுகிறவருக்குக் கூச்சம் இல்லை. அகரவரிசையில் போட்டுவிட்டால் தேடுவதும் எளிது. பின்னால் யாரும் திருத்தக்கூடிய இணைய அகராதியான தமிழ் விக்சனரியில் சேர்த்தால் எல்லோருக்கும் கிடைக்கும்.

சொற்களை எப்படிக் கேட்பது என்பதில்தான் சாமர்த்தியம். 'பழைய சொல் ஏதாவது சொல்லுங்க தாத்தா' என்றால் ஒன்றும் வராது. பொருளை வைத்துக் கேட்க வேண்டும். ஏரை எடுத்துக்கொண்டால் மேழி, கொழு, நுகத்தடி, பூட்டாங்கயிறு என்று வரிசையாக வரும். மாட்டின் நிறம் கேட்டால் மயிலை, செவலை, காரி. அப்புறம் மாட்டின் உடம்பில் இருக்கும் முடிச்சுழி பற்றிக் கேட்டால் ஒரு சாயங்காலம் போய்விடும். அளவைகள், மழையின் வகை, மண்ணின் வகை, உறவு முறை, திட்டும் சொற்கள் (இதில் பாட்டிகள்தான் கெட்டிக்காரர்கள்) என்று போய்க்கொண்டே இருக்கலாம்.

இதன் குறை, நமக்கு வினோதமாகப் பட்டதை மட்டும் எழுதுவோம் என்பது. கொங்கில் 'ஒறம்பரை' (உறவினர்) என்று காதில் விழுந்தவுடன் நோட்டை எடுப்போம். 'அங்கன', 'இங்கன', 'பைய', 'சித்த' போன்ற சின்னச் சொற்களையும், வினை எப்படி முடிகிறது என்பதையும், மறுப்பு எப்படி வருகிறது என்பதையும் விட்டுவிடுவோம். ஒரு வழக்கை இன்னொன்றிலிருந்து பிரிப்பது பெரும்பாலும் இந்தச் சின்னவைதான். இன்னொன்று, சொல்லையும் பொருளையும் மட்டும் எழுதினால் பயன் குறைவு. பேசியவர் சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதி, எந்த ஊர், ஏறக்குறைய எத்தனை வயது, என்ன தொழில், எந்தத் தேதி என்பதையும் சேருங்கள். ஒரே ஊரில் இரண்டு தெருவில் இரண்டு சொல் இருக்கும். கரிசல் காட்டில் பல வீடுகளில் வீட்டுமொழியே தெலுங்கு. அதையும் குறித்தால்தான் அந்தச் சொல் எப்படி வந்தது என்று பின்னால் ஒருவர் யோசிக்க முடியும்.

## கேட்டு எழுதிய புத்தகம்

ஊர்க்காரர்கள் எடுத்துப் படிக்கப் போவது இதைத்தான். ஒலிக்கோப்பை யாரும் கல்யாண வீட்டில் பரிசாகக் கொடுப்பதில்லை. தாங்குவதிலும் காகிதம் மோசமில்லை. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்பாளர்கள் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு பொது நூலகங்களுக்குப் படி அனுப்ப வேண்டும். ஒழுங்காக அனுப்பினால் வீட்டில் கறையான் அரித்தாலும் அங்கே ஒன்று இருக்கும்.

ஆனால் எழுதுகிறவர் தன்னை அறியாமலே பேச்சை ஒழுங்காக்கிவிடுவார். திரும்பத் திரும்பச் சொன்னதை வெட்டுவார், பாதியில் நின்ற வாக்கியத்தை முடித்துவைப்பார், கெட்ட வார்த்தையை நீக்குவார். படிக்க நன்றாக இருக்கும், ஆனால் பேசியது பெரியவரா எழுதியவரா என்று தெரியாது. மூலப் பதிவு கையில் இருந்தால் இதில் கெடுதல் இல்லை. பதிவே இல்லாமல் நினைவிலிருந்து எழுதினால் அது கதை. நல்ல கதையாக இருக்கலாம், ஆவணம் ஆகாது. முதல் வேலையாகப் புத்தகத்தைத் தொடங்குகிறவர்களை நான் தடுப்பது இதனால்தான்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | குரல் | வீடியோ | சொல் நோட்டு | புத்தகம் |
|---|---|---|---|---|
| ஓசை | முழுதாக நிற்கும் | நிற்கும், மைக் நன்றாக இருந்தால் | போய்விடும் | போய்விடும் |
| கைவேலை | வர்ணனை மட்டும் | இதற்கென்றே உள்ளது | பெயர்கள் மட்டும் | படம் வரைந்தால் ஓரளவு |
| தேடுவது | பட்டியல் போட்டால் எளிது | பட்டியல் போட்டால் எளிது | மிக எளிது | எளிது |
| பேசுகிறவர் கூச்சம் | சீக்கிரம் போகும் | அதிகம் | ஏறக்குறைய இல்லை | பெயர் அச்சில் வரும் பயம் |
| பின்வேலை | அதிகம் | மிக அதிகம் | கொஞ்சம் கொஞ்சமாக | மலைபோல |

நான்கையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டியதில்லை என்பதற்கு மராட்டியத்தில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. திருகைக்கல்லில் மாவு அரைக்கும்போது கிராமத்துப் பெண்கள் பாடிய பாடல்களை ஹேமா ராய்ர்கர், கீ புவாத்வான் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சேகரித்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் முதலில் எழுத்தாகத் திரண்டன. அதில் ஒரு பகுதி பின்னர் குரலாகப் பதிவானது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-இல் தொடங்கிய, கிராமப்புற வாழ்க்கையை ஆவணப்படுத்தும் பாரி (PARI) இணையதளத்தில் அவை வெளிவரத் தொடங்கியபோது, பாடியவர்களின் ஊருக்கே திரும்பப் போய் வீடியோவும் எடுத்தார்கள். பாட்டோடு பாடியவர் பெயரையும் ஊரையும் குறித்து வைத்திருந்ததால்தான் அந்தத் திரும்பப் போதல் முடிந்தது.

## எந்த வழியிலும் வந்து நிற்கும் விஷயங்கள்

யாருடைய பேச்சைப் பதிகிறீர்கள்? நம் வீட்டுத் திண்ணையில் தொடங்குவது இயல்பு. ஆனால் ஊர் என்பது நம் தெரு மட்டும் இல்லை. நிலம் வைத்திருந்தவர் சொல்லும் அறுவடைக் கதையும், அதே வயலில் கூலிக்கு அறுத்தவர் சொல்லும் கதையும் வேறு வேறு. நிலக்காரரின் பேரன் போனை நீட்டினால் அந்தக் கூலிக்காரப் பெரியவர் மனம் திறந்து பேசுவார் என்று எதிர்பார்க்க முடியாது. அவர் தெருவிலேயே படித்த பிள்ளை யாராவது இருப்பார். அவர் போய்க் கேட்கட்டும், பதிவும் அவர் கையிலேயே இருக்கட்டும்.

அடுத்து, பேச்சு சூடு பிடித்தால் வரப்புத் தகராறு, ஓடிப்போன பெண், சாதிச் சண்டை எல்லாம் வரும். பெயரோடு வரும். பதிந்த அன்றே பேசியவரிடம் மூன்று கேள்வி கேட்டுக் குரலிலேயே பதிலை வாங்கிக்கொள்ளுங்கள்: குடும்பத்துக்கு மட்டுமா, ஆய்வு செய்பவர்களுக்கும் கொடுக்கலாமா, எல்லோரும் கேட்க இணையத்தில் போடலாமா? எந்தப் பகுதியை வெட்ட வேண்டும் என்றும் கேளுங்கள். யூடியூபில் ஏற்றிவிட்டுப் பிறகு யோசிப்பது வேண்டாம்.

சேமிப்பு: போனில் ஒன்று, ஹார்டு டிஸ்கில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் ஒன்று. வெளியில் கொடுக்கச் சம்மதம் இருந்தால் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகம் இலவசம். ஈழத்துப் பேச்சு என்றால் நூலக நிறுவனம் (Noolaham) நடத்தும் ஆவணகம் என்ற இணையக் காப்பகம் ஒலி, ஒளிப் பதிவுகளையும் வைத்திருக்கிறது. தென் தமிழ்நாட்டில் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் போன்ற இடங்களில் விசாரிக்கலாம். யாரிடம் கொடுத்தாலும் ஊர், தேதி, காலப் பட்டியல் இல்லாத கோப்பை வைத்து அவர்களால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

## யாருக்கு எது

பெரியவர் உடல்நிலை மோசம், இருப்பது இரண்டு நாள் என்றால் குரல் மட்டும். வேறெதையும் யோசிக்க வேண்டாம். பட்டியலைப் பின்னால் போடலாம்.

ஊரிலேயே இருக்கிறீர்கள், அவசரம் இல்லை என்றால் சொல் நோட்டில் தொடங்குங்கள். ஒரு வருஷத்தில் எந்தச் சொல்லைச் சுற்றிக் கதை இருக்கிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் அந்தக் கதைகளைக் குரலில் பதியலாம்.

குயவர், தச்சர், கருமார், நெசவாளர், மீன்பிடிப்பவர் வீடு என்றால் வேலைக்கு வீடியோ, பேச்சுக்குக் குரல் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பல மணி நேரப் பதிவு சும்மா கிடக்கிறது என்றால் புதிதாக ஒன்றும் பதியாமல் முதலில் அதைக் கேட்டுப் பட்டியல் போடுங்கள். புத்தகம் போட ஆசை இருந்தால் அதுவும் அந்தப் பட்டியலிலிருந்துதான் கிளம்பும்.

பெரியவர்களுக்கு ஆண்டு நினைவில் இருக்காது, சம்பவம் இருக்கும். 'அது எந்த வருஷம்?' என்று கேட்காமல், தனுஷ்கோடிப் புயலுக்கு (1964) முன்னாலா பின்னாலா, எம்ஜிஆர் இறந்த வருஷத்துக்கு (1987) முன்னாலா, தாமிரபரணி வெள்ளம் வந்ததற்கு (1992) அப்புறமா என்று கேளுங்கள். பதிலை அப்படியே கோப்பின் பெயரிலும் போடலாம். '1964 புயலுக்கு முன், கிணறு வெட்டியது, தாத்தாவும் பக்கத்து வீட்டுப் பெரியவரும்' என்று பெயர் வைத்த கோப்பை, 'ரெக்கார்டிங் 37' என்று இருப்பதைவிட எந்தப் பேரனும் சீக்கிரம் திறப்பான்.